கன்ட்ரோல் சண்முகத்தாய்

இன்று காலை மைக்ரோடோமின் சத்தம் மாறியது. உனக்கு அந்தச் சத்தம் தெரியும். சாம்பிள் பையை என் மேஜையில் வைத்துவிட்டு, டீ ஆறும்வரை பக்கத்தில் நின்று அதை வேடிக்கை பார்த்தவள் நீ. மெழுகில் பதித்த சதைத் துண்டை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவித் தள்ளுகிற இயந்திரம் அது. சதை இருக்கும்வரை சத்தமே கேட்காது. துண்டு தீர்ந்து பிளேடு அடியிலுள்ள பிளாஸ்டிக்கை நெருங்கினால் கரகரக்கும். இன்று கரகரத்தது. உடனே கையை நிறுத்தினேன். சீவல்கள் ஒட்டிச் சேர்ந்து வெந்நீரில் மிதந்த நாடாவில் முழுசாகத் தேறியது ஒரே ஒரு சீவல்தான்.

அந்த மெழுகுக்குள் இருந்தது நீ. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷனில் உன்னிடமிருந்து எடுத்த கர்ப்பப்பை வாயின் கடைசித் துண்டு. அதை வைத்திருக்கும் பெட்டியின் மேல் என் கையெழுத்தில் 'கன்ட்ரோல் சண்முகத்தாய்' என்று எழுதியிருக்கிறது. அது உன் பெயர் இல்லை என்று நம் லேபில் எல்லோருக்கும் தெரியும். உன் நிஜப் பெயரை இந்த மடலிலும் எழுதப்போவதில்லை. நீயாக வைத்துக்கொண்ட பெயர் இருக்கும்போது அதைக் கெடுப்பானேன்?

நம் லேப் ஒன்றும் பெரிய இடமில்லை. தென்காசியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் மூன்று அறைகள், மூன்று பேர். நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டரம்மா. சதையைச் சீவிச் சாயம் ஏற்றும் நான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் சாம்பிள் வாங்கி வரும் நீ. செங்கோட்டை, இலஞ்சி, அச்சன்புதூர் என்று உன் ஸ்கூட்டர் போகாத தெரு கிடையாது. சதை கெடாமல் காக்கும் பார்மலின் டப்பாக்களை நீ டிபன் பையில்தான் வைத்துக் கொண்டுவருவாய். ஒரு நாள் அந்தப் பையும் டாக்டரம்மாவின் சாப்பாட்டுப் பையும் ஒரே நிறமாக அமைந்துவிட்டன. அன்று மத்தியானம் அவர் பட்டினி.

உனக்கும் எனக்கும் ஒரே வயது, வாய் மட்டும் உனக்கு இரண்டு பங்கு. உன் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார், அந்த ஒரு மாதமும் நீ கொஞ்சம் அடக்கமாகப் பேசுவாய். மீதி பதினோரு மாதத்துக்கும் சேர்த்து எங்களிடம் பேசிவிடுவாய்.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒரு டப்பாவை மட்டும் பைக்குள் வைக்காமல், முந்தானையில் சுற்றிக்கொண்டு மாடியேறி வந்தாய். குற்றால சீசன் ஆரம்பித்த முதல் வாரம். சாரலில் நனைந்திருந்தாய். டப்பாவின் மேல் 'சண்முகத்தாய், வயது 51, இலஞ்சி' என்று இருந்தது. நாம் சாம்பிள் எடுக்காத ஏதோ ஒரு நர்சிங் ஹோமின் சீட்டு.

"பக்கத்து வீட்டு அக்காது. சாம்பிள அவ கையிலயே குடுத்து விட்டுட்டாவ. பத்திரமாப் பாருட்டி" என்றாய்.

செங்கோட்டையில் குடியிருக்கும் உனக்கு இலஞ்சியில் எப்படிப் பக்கத்து வீடு வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வழக்கமான சாயம் போட்டுப் பார்த்ததில் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. மாதவிலக்கு நின்ற வயதில் கர்ப்பப்பை வாயின் மேல்தோல் மெலிந்துபோகும். மெலிந்த தோலும் புற்றாக மாறத் தொடங்கிய தோலும் நுண்ணோக்கியில் அக்காள் தங்கை மாதிரி இருக்கும். இரண்டையும் பிரித்தறிய பி16 என்ற ஒரு புரதத்தைத் தேடுவோம். அது தோலில் குவிந்து கிடந்தால், அதற்கென்று உள்ள மருந்து அதைப் பிடித்துப் பழுப்பாகக் காட்டும். குவியாத இடம் நீலமாகவே இருக்கும். பழுப்பு அடியிலிருந்து உச்சிவரை இடைவெளியில்லாமல் ஏறியிருந்தால் விஷயம் முற்றிக்கொண்டு போகிறது என்று பொருள்.

இந்த வேலைக்கு நடுவில் ஒரு பிரஷர் குக்கர் வரும். மருந்து பிடிக்க வேண்டுமானால் முதலில் ஸ்லைடுகளைக் குக்கரில் வேகவைக்க வேண்டும். நம் லேப் குக்கரை ரத வீதிக் கடையில் பேரம் பேசி வாங்கி வந்தவளே நீதான். "சாம்பார் வைக்கதுக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். உள்ளதச் சொன்னா அவன் குக்கரே தர மாட்டான்" என்றாய்.

இன்னொரு விதியும் உண்டு. நோயாளியின் சீவல் ஒட்டியிருக்கிற அதே கண்ணாடியில், கட்டாயம் பழுப்பாகும் என்று முன்பே தெரிந்த வேறொரு சீவலையும் ஓரமாக ஒட்ட வேண்டும். அதற்குப் பெயர்தான் கன்ட்ரோல். அது பழுப்பானால்தான் மருந்து வேலை செய்திருக்கிறது என்று நம்பலாம். அந்த நாட்களில் நாங்கள் கன்ட்ரோலுக்கு வைத்திருந்தது யாரோ ஒருவருடைய டான்சில். அது அந்த வாரம் தீர்ந்துபோயிருந்தது. திருநெல்வேலியில் வேறொரு லேபில் வேலை பார்க்கும் என் சிநேகிதி ஒன்று அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். அது வரும்வரை நான் பொறுத்திருக்கலாம்.

நீ என்னைப் பொறுக்க விட்டால்தானே.

"ஏட்டி செல்வி, சண்முகத்தாய் என்னாச்சு?" காலையில் வந்ததும் கேட்டாய். டீ குடிக்கும்போது கேட்டாய். செங்கோட்டை ரவுண்டு போய்விட்டு அங்கிருந்து போன் போட்டுக் கேட்டாய். எத்தனையோ பேருடைய சதையைச் சுமந்து வந்தவள், யாருக்கு என்ன வந்தது என்று அதுவரை ஒரு தடவைகூட விசாரித்ததில்லை. நான் அதையும் யோசிக்கவில்லை. இவள் தொல்லை விட்டால் போதும் என்று, கன்ட்ரோல் இல்லாமலே அந்த ஸ்லைடைக் குக்கரில் போட்டேன். விசில் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரம் கணக்கிட்டு இறக்கினேன். எல்லாம் முடித்து எடுத்துப் பார்த்தால் ஸ்லைடு முழுக்க நீலம்.

"ஒண்ணும் இல்லட்டி. நீலமாத்தான் இருக்கு" என்று சொன்னேன். டாக்டரம்மா பார்ப்பதற்கு முன்னால், வாயால் சொன்னேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் அதிகம் இல்லை.

நீ ஸ்டூலில் உட்கார்ந்தாய். "நெசமாவா?" என்று ஒரு தடவை கேட்டாய். பிறகு எழுந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், அரை மணி நேரத்தில் ஒரு கிலோ மங்குஸ்தானோடு வந்தாய். மூன்று பேரும் விரல் சிவக்கச் சிவக்க உடைத்துத் தின்றோம். டாக்டரம்மா இரண்டு பழம் தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நுண்ணோக்கி முன் உட்கார்ந்தார். நீ மத்தியான ரவுண்டுக்குக் கிளம்பிப் போனாய்.

"செல்வி, கன்ட்ரோல் எங்க?"

நான் சொன்னேன். அவர் திட்டவில்லை. திறந்த பேனாவை மூடி வைத்தார். "இது நெகட்டிவ் இல்லம்மா. இது ஒண்ணுமே இல்ல" என்றார்.

அப்போதுதான் குப்பைக் கூடையில் கிடந்த மங்குஸ்தான் தோலைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று யாராவது ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்குவார்களா? அந்த டப்பாவின் மேலிருந்த எழுத்தை மறுபடி போய்ப் பார்த்தேன். 'ச'வின் வாலை நீட்டி இழுக்கும் எழுத்து. சாம்பிள் நோட்டில் தினமும் நான் பார்க்கும் எழுத்து. அந்த எழுத்து உன்னுடையது.

குக்கரைத் திறந்து பார்த்தேன். மூடியின் ரப்பர் கேஸ்கெட் பிய்ந்திருந்தது. ஆவி முழுக்க வெளியே போயிருக்கிறது. ஸ்லைடு வேகவே இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் திருநெல்வேலியிலிருந்து கன்ட்ரோல் வந்தது. புது கேஸ்கெட் மாட்டி, விசிலை என் காதால் கேட்டுவிட்டு இறக்கினேன். டான்சில் பழுப்பாக வந்தது. பக்கத்தில் நீயும் பழுப்பாக வந்தாய், அடியிலிருந்து உச்சிவரை, ஓரிடம் விடாமல். எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் கி67 என்ற இன்னொரு புரதமும் மேல் அடுக்குவரை ஏறியிருந்தது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். "சண்முகத்தாய நீயே கூட்டிட்டு வந்துரு" என்றார். யார் என்று அவரும் கண்டுபிடித்திருந்தார்.

அன்று உன்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனது அதைச் சொல்லத்தான். வழியில் சொல்லலாம் என்று நினைத்தேன், நீ ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே உன் மகளுக்கு வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றிப் பேசினாய். கடையில் பஜ்ஜி தின்னும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், நீ இரண்டாவது தட்டு சொன்னாய். கடைசியில் மெயின் அருவியில் பெண்கள் பக்கம், தலைமேல் தண்ணீர் இடித்துக்கொண்டிருக்கும்போது நீயே என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்.

"ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சொல்லு."

சொன்னேன். அருவிச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "என்னது?" என்று காதைக் காட்டினாய். "பாசிட்டிவ்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்த ஒரு ஆச்சி திரும்பி, "நல்லதுதானம்மா, பொம்பளைன்னா எப்பவும் பாசிட்டிவாத்தான் இருக்கணும்" என்றாள்.

நீ அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அப்புறம் சிரித்தாய் பார், அருவியைப் பிடித்துத் தள்ளிவிடுவதுபோலச் சிரித்தாய். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. தண்ணீருக்குள் எதுவும் தெரியவில்லை. உன் கையை மட்டும் நான் விடவில்லை.

கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கன்ட்ரோல் இல்லாமல் போட்டதையும், விசில் வராததையும், டாக்டரம்மா பேனாவை மூடி வைக்காவிட்டால் நீ ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போயிருப்பாய் என்பதையும் சொன்னேன். நீ துண்டை அவிழ்த்துத் தண்ணீரைப் பிழிந்தாய்.

"அப்போ ஒரு கிலோ மங்குஸ்தான் வீணா?" என்றாய்.

"ஏன்ட்டி பேர மாத்திக் குடுத்த?"

"புள்ளைக்குச் சம்பந்தம் பேசிட்டு இருக்குதாவ. தாய்க்காரிக்கு இப்படின்னு தெரிஞ்சா என்ன சொல்லுவாவளோன்னு பயந்தேன். நர்சிங் ஹோம்ல பேரு கேட்டாவ. வரும்போது இலஞ்சி முருகன் கோயில் ஆர்ச்சப் பாத்துட்டு வந்தேன். வாயில வந்தது அதான்."

"சாம்பிள வேற லேப்ல குடுத்திருக்கலாம்லா?"

"வேற எவகிட்ட குடுத்தாலும் எனக்கு நம்பிக்கை வராது" என்றாய். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் எனக்குள் குத்திக்கொண்டிருக்கிறது.

திரும்பி வரும்போது அந்தப் புரதம் என்ன செய்யும் என்று கேட்டாய். டாக்டரம்மா எனக்குச் சொல்லித்தந்ததைச் சொன்னேன். பி16 கெட்டதில்லை, செல் கண்டபடி பெருகாமல் பிடித்து நிறுத்துகிற புரதம் அது. எச்.பி.வி. என்ற வைரஸ் உள்ளே புகுந்து, பி16 பிடிக்கிற இடத்தையே அறுத்துவிடுகிறது. அதனால் செல் மேலும் மேலும் அதைத் தயாரித்துக் குவிக்கிறது, ஆனாலும் ஒன்றும் நிற்பதில்லை. நீ இலஞ்சிக்குப் பிரியும் விலக்கில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்தினாய்.

"புரிஞ்சிட்டு. பிரேக் ஒயரு அறுந்து போச்சு. அவன் பாட்டுக்கு மிதிக்கான், மிதிக்கான், வண்டி நிக்கல. அந்த மிதியத்தான் நீ பழுப்பா பாக்க. அப்போ அந்த கி67?"

"எவ்வளவு வேகமா ஓடுதுன்னு காட்டும்."

"ஸ்பீடா மீட்டரு. இதுக்கா இவ்வளவு படிப்பு?" என்று வண்டியைக் கிளப்பினாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ விதமாக இதை விளக்கக் கேட்டிருக்கிறேன். உன் அளவுக்குச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. எடுத்த கர்ப்பப்பையை நீ கேட்டுக்கொண்டபடி நம் லேபுக்கே அனுப்பினார்கள். டாக்டரம்மா ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். மேல்தோலின் எல்லைக்கோட்டைப் புற்று ஓரிடத்தில் மட்டும் தாண்டியிருந்தது, அதுவும் மயிரிழை ஆழம்தான். வெட்டிய ஓரங்கள் எல்லாம் சுத்தம். சீக்கிரமே பிடித்துவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

ஒரு மாதம் கழித்து நீ மாடியேறி வந்தாய். மெலிந்திருந்தாய், வாய் மட்டும் அப்படியே இருந்தது. கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் மூன்று கேஸ்கெட்.

"ஒண்ணு போனா ஒண்ணு மாட்டு. விசில் வராம பருப்பே வேகாது, இது வேகுமா?" என்றாய். அப்புறம் டாக்டரம்மாவிடம் போய், "எங்கிட்ட எடுத்த துண்டு மிச்சம் இருக்குல்லா? அது கட்டாயம் பழுப்பாகும்லா? அதையே கன்ட்ரோலா வச்சுக்கோங்க. இனிமே எவளுக்கும் கன்ட்ரோல் இல்லன்னு ஆகக் கூடாது" என்றாய்.

டாக்டரம்மா எழுத்தில் சம்மதம் கேட்டார். நீ சண்முகத்தாய் என்று ஒரு கையெழுத்தும், அதற்குக் கீழே நிஜப் பெயரில் ஒரு கையெழுத்தும் போட்டாய். "ரெண்டு பேரும் சம்மதிச்சிட்டோம்" என்றாய். டாக்டரம்மா சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறைத்து வைக்கப் பார்த்த விஷயத்தைச் சம்பந்தக்காரர்களிடம் நீயே போய்ச் சொன்னாய். மாப்பிள்ளையின் தாயார் அதைக் கேட்டு எழுந்து போய்விடுவார் என்று பயந்துகொண்டிருந்தாய். அவர் எழுந்துதான் போனார், அடுத்த வாரம் நம் லேபுக்கு. "எனக்கும் ஒண்ணு பாத்துருங்க" என்று வந்து நின்றார். கல்யாணத்தில் பிரியாணியை நான் மூன்று தடவை வாங்கித் தின்றேன், நீ என்னை மட்டும் கவனித்துவிட்டு மற்றவர்களை மறந்துவிட்டாய் என்று உன் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சாம்பிள் எடுக்கப் போன தெருவிலெல்லாம் நீ பரிசோதனைக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தாய். அச்சன்புதூரில் கிணற்றடியில் நின்று நீ பேசியதை நானே கேட்டிருக்கிறேன். "என் துண்டு அங்கன சம்பளம் இல்லாம வேலை பாக்குது. நீ ஒரே ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போயேன். என்ன, உன் மானம் போயிருமா?" யாராவது வெட்கப்பட்டால், "பேரத்தான மாத்தணும்? நல்ல பேரா நான் சொல்லுதேன்" என்பாய். அப்படி வந்தவர்களில் மூன்று பேர் மீனாட்சி என்று எழுதிக்கொடுத்து என் உயிரை வாங்கினார்கள்.

என்னிடம் உனக்கு ஒரே பேச்சுதான். ஸ்லைடை நான் நுண்ணோக்கியில் வைக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நிற்பாய். "நீலமா இருந்தா நம்பாத. மொதல்ல என்னப் பாரு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று உன் மகள் போன் செய்தாள். ஏழு வருஷம் புற்றை ஏய்த்துக்கொண்டு ஓடியவள், கடைசியில் பழுப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றால் போனாய். அன்று மத்தியானம் உன் வீட்டிலிருந்து வேலைக்குத் திரும்பினேன். கன்ட்ரோல் சீவலை ஸ்லைடில் ஒட்டினேன். குக்கர் விசில் அடித்தது, நீ எப்போதும்போலப் பழுப்பாக வந்தாய். அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

இன்று காலைக்கு வருகிறேன். அச்சன்புதூர்ப் பெண் ஒருத்தி, வயது இருபத்தெட்டு. இன்னும் குழந்தையில்லை. அவள் சதையைப் பார்த்த டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். இளந்தோல் புதுசாக உருவாகிற இடமும் கெட்ட இடமும் இந்த வயதில் ஒன்றுபோலத் தெரியும். பழுப்பாக வந்தால் கர்ப்பப்பை வாயில் ஒரு பகுதியை வெட்டியெடுக்க வேண்டிவரும். பிறகு குழந்தை தங்குவதில் சிக்கல் வரலாம் என்று யாரோ சொல்லி, அவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். நேற்றிலிருந்து நம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீ கேட்டதுபோலவே கேட்கிறாள். "அக்கா, என்னாச்சுக்கா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

உன் கடைசிச் சீவலை எடுத்து, அவளுடைய சீவலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மறு ஓரத்தில், இனிமேல் கன்ட்ரோலாக இருக்கச் சம்மதித்த வேறொரு அம்மாவின் சீவல். புதிய ஆள் சரியா என்று பழைய ஆள்தான் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு விதி. குக்கர் விசில் அடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். எல்லாம் முடிந்து நுண்ணோக்கியில் வைத்தபோது, ஸ்லைடை நேராக அவளுடைய சீவலுக்கு நகர்த்தத்தான் கை துடித்தது. பின்னால் யாரும் நிற்கவில்லை என்று தெரியும். ஆனாலும் முதலில் உன்னைத்தான் பார்த்தேன்.

பழுப்பு. அடியிலிருந்து உச்சிவரை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பொய்யாக நீலம் காட்டிய நீ, இன்றைக்குக் கடைசித் தடவையாக உண்மையைச் சொன்னாய். பக்கத்தில் புதிய அம்மாவும் பழுப்பு. நடுவில் அந்தப் பெண். அவள் நீலம், சுத்தமான நீலம். நீ பழுப்பாக வந்ததால்தான் அவளுடைய நீலத்தை நம்ப முடிந்தது.

டாக்டரம்மா பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். புதிய அம்மாவின் மெழுகுக் கட்டி இருந்த பெட்டியில் நான் எழுதியிருந்ததையும் பார்த்தார். 'கன்ட்ரோல் சண்முகத்தாய் 2' என்று கை தானாக எழுதியிருந்தது. அவர் திருத்தவில்லை.

கையெழுத்தின் மை காய்ந்த பிறகுதான் கீழே போய் மங்குஸ்தான் வாங்கினேன். டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டு ரிப்போர்ட்டைச் சொன்னார். வெளியே வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் ஒரு பழத்தை உடைத்து அவள் கையில் வைத்தேன்.

"எதுக்குக்கா இது?"

"சண்முகத்தாய் வாங்கித் தந்தது."

"யாருக்கா அது?"

நுண்ணோக்கி இருக்கும் அறையைக் காட்டினேன். "உன்னப் பாக்கதுக்கு முன்ன, மொதல்ல பாத்தது அவளத்தான்" என்றேன்.